புகாரில் 'கான்' என்று எழுதிவிட்டேன், பரவாயில்லையா?

வேலை வாங்கித் தருவதாகச் சொன்னவரிடம் பணம் கொடுத்து ஏமாந்த ஒரு வாசகர் கேட்கிறார்: "'என்னை ஏமாற்றிவிட்டார்' என்பதை ஆங்கிலத்தில் 'ஹீ கான்ட் மீ' (He conned me) என்று புகாரில் எழுதி அனுப்பிவிட்டேன். அது கொச்சை வார்த்தை, புகாரையே தள்ளிவிடுவார்கள் என்கிறார் நண்பர். அகராதியிலோ 'கான்' (con) என்றால் கைதி என்றும் போட்டிருக்கிறது. தப்பாக எழுதிவிட்டேனா?"

இல்லை. 'கான்' பேச்சுவழக்குச் சொல்தான், ஆனால் கெட்ட வார்த்தை அல்ல. ஆங்கிலச் செய்தித்தாள்களிலேயே சாதாரணமாக வரும்.

1849இல் நியூயார்க்கில் வில்லியம் தாம்சன் என்பவர் பிடிபட்டார். முன்பின் தெரியாதவர்களிடம் பழகியவர்போலப் பேசுவார். "என்மேல் நம்பிக்கை இருந்தால் உங்கள் கடிகாரத்தை நாளைவரை என்னிடம் கொடுப்பீர்களா?" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார். பத்திரிகை அவரை 'கான்ஃபிடன்ஸ் மேன்' என்று எழுதியது; 'கான்ஃபிடன்ஸ்' என்றால் நம்பிக்கை. அதுதான் 'கான் மேன்' என்றும் 'கான்' என்றும் சுருங்கியது. அதாவது நம்பவைத்துப் பறிப்பது. மிரட்டிப் பிடுங்கினால் இந்தச் சொல் பொருந்தாது. உங்களுக்கு நடந்ததற்குப் பொருந்துகிறது.

பணம் போனதைச் சொல்ல 'கான்ட் மீ அவுட் ஆஃப்' என்று எழுதி, பிறகு தொகையைப் போட வேண்டும். ஏமாற்றி ஒரு காரியத்தைச் செய்யவைத்தார் என்றால் 'இன்டு' வரும்: 'கான்ட் மீ இன்டு சைனிங்', அதாவது ஏமாற்றிக் கையெழுத்துப் போடவைத்தார்.

அப்புறம் அந்தக் கைதி. அது 'கன்விக்ட்' (தண்டனை பெற்றவர்) என்பதன் சுருக்கம், வேறு சொல். சிறைக்குப் போய்வந்தவர் 'எக்ஸ்-கான்'. அவர் எந்தக் குற்றத்துக்காகப் போயிருந்தாலும் அதே பெயர்தான். 'எக்ஸ்-கான்' என்றால் முன்பு ஏமாற்றிப் பிழைத்தவர் என்று நினைத்துச் சிலர் இதை எழுதிவிடுகிறார்கள். சிறைப் பக்கமே போகாத ஒருவரை எழுத்தில் அப்படிச் சொன்னால் அவதூறு என்று அவர் உங்கள்மேல் பாயலாம். தயவுசெய்து 'எக்ஸ்-கான்' வேண்டாம்.

எனக்குக் கவலை வேறு இடத்தில். புகார் எழுதித் தருகிறோம் என்று காசு வாங்குபவர்கள் 'ஃபிராட்' (மோசடி), 'கான்ஸ்பிரசி' (சதி) என்று கனமான சொற்களாக அடுக்குவார்கள். தேதியும் தொகையும் எங்கேயோ காணாமல் போயிருக்கும். இன்னும் மோசமானவர்கள் 'இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள்' என்று வருபவர்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்களைத்தான் தேடிப் பிடிப்பார்கள். அதுவும் அசல் 'கான்'தான். ஒரு காசுகூடக் கொடுக்காதீர்கள்.

பணத்தைப் பறிகொடுத்த மனிதர், எழுதிய ஆங்கிலம் சரியா என்றும் சேர்த்துப் பயப்பட வேண்டியிருக்கிறது. இது என்ன நியாயம்? புகார் வாங்குகிறவர்கள் அவரவர் மொழியிலேயே எழுதச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? பள்ளியிலும் சொல்லுக்குப் பொருளை மனப்பாடம் செய்யவைக்கிறார்களே தவிர, எந்த இடத்தில் எந்தச் சொல் என்று சொல்லித்தருவதில்லை.

சரி, அனுப்பிய புகாரைத் திரும்பப் பெற வேண்டாம். அடுத்த கடிதத்தில் 'டிசீவ்ட்' (ஏமாற்றினார்) என்று எழுதுங்கள், அது எங்கும் செல்லும். அவர் என்ன வாக்குக் கொடுத்தார், என்றைக்கு, எவ்வளவு வாங்கினார் என்பதை எளிய வாக்கியங்களில் வரிசையாகச் சொல்லுங்கள். பணம் அனுப்பிய ரசீதை முதல் புகாரோடு இணைக்கவில்லை என்றால் இன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.