காய்ச்சல் சீசன்: வாசகர் கேள்விகள்

புரட்டாசி பிறந்தாலே கடிதங்களில் முக்கால்வாசி காய்ச்சல்தான். சித்திரையில் ஒருவரும் கேட்பதில்லை.

தெருவில் நாலைந்து வீடுகளில் ஒரே நேரத்தில் காய்ச்சல். யாரிடம் சொல்வது? (செய்யாறு)

ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லுங்கள். 104 சுகாதார உதவி எண்ணுக்கும் அழைக்கலாம். ‘நமக்கேன் வம்பு’ என்று இருந்துவிடாதீர்கள். தகவல் போனால்தான் முகாம் வரும்.

வாரம் தவறாமல் தொட்டியைக் காலி செய்கிறோம். ஆனாலும் கொசுப்புழு வருகிறதே? (ராமநாதபுரம்)

காலி செய்தால் போதாது, தேய்க்க வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரச் சுவரில் முட்டையை ஒட்டிவைக்கும். மிளகுப்பொடி ஒட்டியதுபோல் இருக்கும். உற்றுப் பார்த்தால்தான் தெரியும். தண்ணீரே இல்லாமல் மாதக்கணக்கில் கிடந்தாலும் சாகாது. மறுபடி நீர் பட்டால் பொரியும். தேங்காய் நாரால் உள்சுவரை அழுத்தித் தேயுங்கள்.

எங்கள் வார்டில் புகை மருந்து அடித்து இரண்டு மாதம் ஆகிறது. மாநகராட்சி தூங்குகிறதா? (மதுரை)

இந்தக் கேள்வி வராத வருடமே இல்லை. புகை, பறக்கிற கொசுவை மட்டும்தான் கொல்லும், அதுவும் மேலே பட்டால். தொட்டியில் இருக்கும் புழுவை அது ஒன்றும் செய்யாது. நாளைக்கே அடுத்த கூட்டம் சிறகு முளைத்துக் கிளம்பும். டெங்கு கொசு சாக்கடையில் இல்லை; உங்கள் கட்டிலுக்கடியிலும் கொடியில் தொங்கும் சட்டைக்குப் பின்னாலும் உட்கார்ந்திருக்கிறது. புகை வண்டிச் சத்தம் கேட்டதும் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? ஜன்னலைச் சாத்துகிறீர்கள். அப்புறம் யாருக்கு அந்தப் புகை?

கவுன்சிலருக்கும் அது வசதி. சத்தம் கேட்கும், புகை தெரியும், படம் எடுக்கலாம். ஒரு வீட்டில் காய்ச்சல் உறுதியானால் சுற்றியுள்ள வீடுகளுக்குள் அடிப்பதில் பயன் உண்டு; வார்டு முழுக்கச் சுற்றிவருவது வேடிக்கை. ஆனால் டெங்கு ஒழிப்புப் பணியாளர் டார்ச்சோடு வாசலில் நின்றால், “எங்க வீட்ல எல்லாம் சுத்தம்மா, அடுத்த வீட்ட பாருங்க” என்று கேட்டோடு அனுப்புகிறோம். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டை எப்போது பார்த்தீர்கள்? மொட்டைமாடியில் கிடக்கும் ஆட்டுக்கல், டயர்? முட்டை கொசுவாக எட்டிலிருந்து பத்து நாள். அதனால்தான் வாரத்தில் ஒரு நாள் என்கிறேன். மறுபடியும் சொல்கிறேன்: தேய்த்துக் கழுவ வேண்டும்.

ஃபீவர். என்ன டேப்ளட் போடலாம்? (ஊர் எழுதவில்லை)

யாருக்கு? வயது என்ன? எத்தனை நாளாக? பாராசிட்டமால் தவிர எதையும் நீங்களாக வாங்காதீர்கள். டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் எல்லாம் டெங்குவில் ரத்தக்கசிவை வரவழைக்கும். அடுத்த முறை முழுதாக எழுதுங்கள்.

இரண்டாம் நாளே ஐஜிஎம் (டெங்கு எதிரணு ரத்தப் பரிசோதனை) பார்த்தோம், நெகட்டிவ். டெங்கு இல்லைதானே? (திருப்பூர்)

அப்படிச் சொல்ல முடியாது. முதல் ஐந்து நாளுக்கு என்எஸ்1 (வைரஸின் புரதத்தைத் தேடும் பரிசோதனை), அதன் பிறகுதான் ஐஜிஎம். இன்னொன்று: காய்ச்சல் விட்டதும் பள்ளிக்கு அனுப்பிவிடாதீர்கள். ஆபத்தே அதற்கடுத்த இரண்டு நாளில்தான். வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், அசதி, சிறுநீர் குறைவது, இதில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனை.

பிளேட்லெட் 90 ஆயிரம். ஏற்றச் சொல்லலாமா? (சேலம்)

வேண்டாம். ரத்தக்கசிவு இல்லாதவருக்கு அந்த அளவில் ஏற்றுவதில்லை. ஹெமடோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) பார்த்தார்களா என்று கேளுங்கள். காய்ச்சல் விட்ட பிறகும் கவனம்.

கேரளாவில் நிபா என்றதும் பயம். மாஸ்க் பெட்டி பெட்டியாக வாங்கி வைக்கட்டுமா? (பொள்ளாச்சி)

வேண்டாம். 2018-இல் கோழிக்கோட்டில் அது பெரும்பாலும் நோயாளிக்கு மிக அருகில் இருந்தவர்களுக்கே, அதுவும் மருத்துவமனைக்குள் பரவியது. அணில், வௌவால் கடித்த பழத்தைத் தூக்கியெறியுங்கள், அது போதும்.

வெள்ளத்தில் நடந்தால் எலிக்காய்ச்சல் வருமா? (கடலூர்)

வரும். காலில் புண் இருந்தால் இறங்காதீர்கள். இறங்கியே ஆகவேண்டியவர்கள் ரப்பர் பூட்ஸ் போடுங்கள்; தடுப்பு மாத்திரையான டாக்ஸிசைக்ளின் வேண்டுமா என்பதை மருத்துவரிடம் கேளுங்கள், மெடிக்கல் ஷாப்பில் அல்ல.