தையல் நூலிலிருந்து கோப்பைக்கு வந்த பூக்கள்: கசூபியப் பீங்கான் கேள்வி பதில்

கேள்வி: போலந்தில் ஒரு பழம்பொருள் சந்தையில் லூபியானா முத்திரை போட்ட பூக்கோப்பை வாங்கினேன். "இரண்டாம் உலகப் போருக்கு முந்தையது" என்றார் கடைக்காரர். நம்பலாமா?

பதில்: வேண்டாம். கோஷ்சியெஜினா ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் லூபியானா பீங்கான் ஆலை உற்பத்தியைத் தொடங்கியதே 1969-இல்தான். கோப்பை அழகாக இருந்தால் சரி, வயதுக்கென்று தனியாகக் காசு கொடுக்காதீர்கள்.

கேள்வி: நீலப் பூ போட்ட போலந்துப் பாத்திரமெல்லாம் கசூபியம்தானா?

பதில்: எல்லோரும் குழம்பும் இடம் இது. அச்சுக் குத்தி நீலப் புள்ளி வைக்கும் போலெஸ்வாவியெட்ஸ் பாத்திரங்கள் நாட்டின் தென்மேற்கு மூலையைச் சேர்ந்தவை. கசூபியர்கள் என்ற இனத்தவரின் ஊர் வடக்கே, பால்டிக் கடலோரம்.

அவர்களுடைய பூக்கள் துணியிலிருந்து வந்தவை. ஜூகோவோ மடத்துக் கன்னியர் தேவாலய ஆடைகளிலும் பெண்களின் தொப்பிகளிலும் செய்த எம்பிராய்டரிதான் மூலம். அப்போது தொப்பிகளில் பொன் நூலும் வெள்ளி நூலும்தான் ஓடின. 1906-இல் கணவருடன் சேர்ந்து வ்ஜிஜே கிராமத்தில் ஒரு பழைய வீட்டை அருங்காட்சியகமாக்கிய தெயோடோரா குல்கோவ்ஸ்கா, அந்த வடிவங்களை எடுத்து ஊர்ப் பெண்களுக்கு வண்ண நூலில் தைக்கக் கற்றுக்கொடுத்தார்.

இன்று பரவலாகத் தெரிந்த வண்ணங்கள் ஏழு. அதில் நீலமே மூன்று: வானத்துக்கு ஒன்று, ஏரிக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று. அப்புறம் மஞ்சள், பச்சை, சிவப்பு, கருப்பு. டுலிப், மாதுளை, இதயம் இவற்றோடு இந்த மூன்று நீலமும் தெரிந்தால் கசூபியம் என்று தைரியமாகச் சொல்லலாம்.

கேள்வி: என்னிடம் இருப்பது பழுப்புக் கிண்ணம், மீன் செதில் கோலம் போட்டது. இதுவும் பீங்கானா?

பதில்: இல்லை, மண்பாண்டம். ஹ்மியெல்னோ என்ற கசூபிய ஊரில் நெட்செல் என்ற குயவர் குடும்பம் தலைமுறைகளாகச் செய்யும் பாணி அது. பீங்கானை விட அதுதான் எனக்குப் பிடிக்கும்!

கேள்வி: பழைய பூக்கோப்பையில் தினமும் காபி குடிக்கலாமா?

பதில்: பூவின் ஓரத்தை விரலால் தடவுங்கள். லேசாக மேடு தட்டினால், மெருகுக்கு, அதாவது கண்ணாடிப் பூச்சுக்கு, மேலே படம் ஒட்டிச் சுட்டது. பழைய சிவப்பிலும் மஞ்சளிலும் நச்சு உலோகங்களான காரீயமோ காட்மியமோ இருக்கலாம். உள்பக்கமும் வாய் வைக்கும் விளிம்பும் படம் இல்லாமல் வெறுமையாக இருந்தால் காபி குடிக்கலாம், ஆனால் எலுமிச்சைச் சாறு ஊற்றி வைக்காதீர்கள். பொன் விளிம்பு இருந்தால் மைக்ரோவேவ் கூடாது. பாத்திரம் கழுவும் இயந்திரமும் வேண்டாம். அதில் போட்டுப் போட்டே என் கோப்பை ஒன்றில் டுலிப்பின் சிவப்பு போய்விட்டது. இப்போது பேனா வைத்திருக்கிறேன்.