டிவிடி டிரைவ் வாங்கிறதுக்கு முதல் கேசிங்கத் திறந்து பாருங்க

கேள்வி: அண்ணன், எங்கட வீட்ட ஒரு பழைய டெஸ்க்டாப் இரிக்கி, மற்றதெல்லாம் நல்லா வேல செய்யுது, டிவிடியப் போட்டா மட்டும் சுத்துற சத்தம் கேக்குது, ஸ்க்ரீன்ல ஒண்டும் வருதில்ல. அக்காட கலியாண வீடியோ, அப்பப்பாட 31ம் நாள் வீடியோ எல்லாம் டிவிடியிலதான் கிடக்கு. கடையில கம்பியூட்டரயே மாத்தச் சொல்றாங்க. புது டிரைவ் வாங்கி நானே பூட்டலாமா?
(வாசகி, களுவாஞ்சிக்குடி)

பதில்: தாராளமா பூட்டலாம் தங்கச்சி, இதுக்காகக் கம்பியூட்டர மாத்தத் தேவையே இல்ல. முதல்ல வேற ரெண்டு மூணு டிஸ்க்கப் போட்டுப் பாருங்க, எல்லாத்துக்கும் இப்பிடித்தான் எண்டா பெரும்பாலும் டிரைவ்தான் பழுது. அதுக்காக உடன கடைக்கு ஓடாதீங்க, கரண்ட் பிளக்கக் கழட்டிப்போட்டு கேசிங்கத் திறந்து, இப்ப இரிக்கிற டிரைவ்ட பின்பக்கத்தில என்ன வயர் போகுதெண்டு பாருங்க. அகலமான சாம்பல் கலர் பட்டி மாதிரி வயர் எண்டா அது ஐடிஈ எண்ட பழைய இணைப்பு, மெல்லிசான வயர் எண்டா சாட்டா எண்ட புது இணைப்பு. இப்ப கடையில புதுசா வாறதெல்லாம் சாட்டாதான். மதர்போர்ட்ல, அதாவது உள்ள இரிக்கிற பெரிய சர்க்கிட் பலகையில, சாட்டா வயர் குத்துற இடமே இல்லாட்டி யூஎஸ்பியில குத்துற வெளி டிவிடி டிரைவ் ஒண்டு எடுங்க, சுகமான வேல, ஆனா முன்பக்க யூஎஸ்பியில குத்தினா சிலநேரம் பவர் காணாது, பின்பக்கம் குத்துங்க.

சாட்டா எண்டா, பிளக் கழட்டின பிறகும் பவர் பட்டன ஒருக்கா அமத்திப் பிடிங்க, உள்ள மிச்சமிரிக்கிற கரண்ட் போயிரும், மறுகா கேசிங்ட வெறும் இரும்பத் தொட்டுட்டு உள்ள கை வைங்க. ஆணி ரெண்டு பக்கமும் இரிக்கிறதால ரெண்டு மூடியையும் கழட்டத்தான் வேணும். டிரைவ முன்பக்கத்தால தள்ளி, முகத்தோட மட்டமா நிக்க வச்சு ஆணியப் பூட்டுங்க. டிவிடி டிரைவ்ட ஆணி சின்னப் புரி, ஹார்ட் டிஸ்க்ட ஆணிய அதில முறுக்கினா புரி தேஞ்சு போயிரும். டேட்டா வயர் 7 பின், பவர் வயர் 15 பின், ரெண்டிலயும் ஓரத்தில எல் மாதிரி ஒரு வளைவு இரிக்கி, ஒரு பக்கத்தாலதான் போகும், போகாட்டி திருப்பிப் பிடிங்க, அமத்தாதீங்க. உங்கட பக்கம் கடல் கிட்ட, உப்புக் காத்து, அதோட கச்சான் காத்துத் தூசி வேற, அதால பழைய வயர்ட பின் கறுத்திருந்தா புது வயர் போடுங்க.

டிரைவர் சொப்ட்வெயார் ஒண்டும் போடத் தேவையில்ல, விண்டோஸ் தானாப் பிடிக்கும். ஆனா விண்டோஸ் 10ல டிவிடி படம் ஓட்டுற வசதி கூட வரல்ல, விஎல்சி (VLC) எண்ட வீடியோ பிளேயர் இலவசம், அதப் போட்டுக்கொள்ளுங்க.

இனி நான் கட்டாயம் சொல்ல வேண்டியது. டிரைவ் பூட்டின அண்டைக்கே அந்த வீடியோவெல்லாம் கொப்பி எடுங்க, பாத்துட்டு மறுகா செய்வம் எண்டு வைக்காதீங்க. எழுதுற டிவிடியில படம் நிக்கிறது ஒரு சாயப் படையில, எங்கட சூட்டுக்கும் ஈரத்துக்கும் அது மெதுமெதுவாக் கெட்டுப்போகும், கெட்டதுக்குப் பிறகு எந்தப் புது டிரைவாலயும் வாசிக்க ஏலாது. டிஸ்க்க மெல்லிய துணியால நடுவில இருந்து வெளிப்பக்கமா நேராத் துடைங்க, வட்டமாத் துடைச்சா கீறல் எழுத்துப் போற வழியிலயே விழுந்திரும், அத டிரைவால சமாளிக்கேலாது. டிஸ்க் உள்ள வீடியோ_டிஎஸ் (VIDEO_TS) எண்டு ஒரு ஃபோல்டர் இரிக்கும், அத முழுசா அப்பிடியே கொப்பி பண்ணுங்க. ஒரு சாதாரண டிவிடி 4.7 ஜிபிதான், 16 ஜிபி பென்டிரைவ்ல மூண்டு கொள்ளும். அக்காட வீட்டயும் ஒரு கொப்பி குடுத்து வைங்க.

கேள்வி: டிஸ்க் உள்ள மாட்டிட்டு, பட்டன அமத்தினாலும் தட்டு வெளிய வருதில்ல. கழட்ட வேணுமா?
(வாசகர், அக்கரைப்பற்று)

பதில்: தேவையில்ல தம்பி. கம்பியூட்டர ஓஃப் பண்ணி, டிஸ்க் சுத்துறது நிண்ட பிறகு டிரைவ்ட முகத்தப் பாருங்க, சின்ன ஓட்டை ஒண்டு இரிக்கும். பேப்பர் கிளிப்ப நிமித்தி நேரா உள்ள தள்ளுங்க, தட்டு கொஞ்சம் வெளிய வரும், மிச்சத்தக் கையால மெதுவா இழுத்து எடுங்க.