யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம்: கொள்கை, பேச்சு, வேலை பற்றிய கேள்வி பதில்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சில் கூடும் எங்கள் வாசகர் வட்டத்தில், மனசுக்குச் சரி என்று படுவதை எப்படிச் சொல்வது, எப்படி அதன்படி நடப்பது என்பது பற்றி உறுப்பினர்களிடம் கேள்விகள் கேட்டிருந்தோம். வேலை, வரலாறு, இலக்கியம் மூன்றையும் கலந்து எழுதியிருந்தார்கள். பல ஆண்டுகள் தொழிற்சங்கக் கிளைச் செயலாளராக இருந்தவள், இப்போது சங்க இலக்கிய வகுப்பு எடுப்பவள் என்பதால் பதில் சொல்லும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள்.

தோட்டப்புற வரலாறு என்றாலே அடங்கிப் போனவர்களின் கதையாகத்தான் கேட்டு வளர்ந்தேன். நம்மவர்கள் எதிர்த்துப் பேசியதே இல்லையா, அம்மா? (கிள்ளான், கல்லூரி மாணவர்)

பேசியிருக்கிறார்கள் தம்பி, உங்கள் ஊரிலேயே பேசியிருக்கிறார்கள். 1941ல் கிள்ளான் வட்டார ரப்பர்த் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் சார்பில் அதை முன்னின்று நடத்தியவர் ஆர்.எச். நாதன், தமிழ் நேசன் பத்திரிகை ஆசிரியர் குழுவில் இருந்தவர். அவர்கள் வைத்த கோரிக்கைகளைத் தேடிப் படியுங்கள். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும், பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலை கூடாது, பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு வேண்டும், மருத்துவ வசதி வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும், பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்த வேண்டும், சொந்தக்காரர்கள் தோட்டத்துக்குள் வந்துபோகத் தடை கூடாது, சங்கம் வைக்க விட வேண்டும், குறை சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது. இவற்றோடு இன்னொன்றும் இருந்தது. வெள்ளைக்காரத் துரையோ கிராணியோ (தோட்ட அலுவலக எழுத்தர்) எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும்.

அந்தப் பட்டியலில் எனக்கு மிகப் பிடித்தது இந்தச் சைக்கிள் கோரிக்கைதான். கூலியை உயர்த்தச் சொன்னால், ரப்பர் விலை சரியில்லை, கணக்கு இடிக்கிறது என்று நிர்வாகம் ஏதாவது சொல்லலாம். ஒரு மனிதன் சைக்கிளில் உட்கார்ந்தபடி தன் வழியே போனால் யாருக்கும் ஒரு காசு நட்டமில்லை. அதையும் மறுத்தால், மறுப்புக்குக் காரணம் பணமில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும். தங்களை எந்த இடத்தில் சிறுமைப்படுத்துகிறார்கள் என்று துல்லியமாகத் தெரிந்தவர்கள்தான் அப்படி எழுத முடியும். எழுதியதைத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் படித்துவிட்டுப் போய்விடவில்லை, நிர்வாகத்திடமே கொண்டுபோய் வைத்தார்கள்.

முடிவு கசப்பானது. மே மாதம் நாதனைக் கைது செய்து, பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். வேலைநிறுத்தம் பரவியது, ராணுவம் வந்தது, தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் இறங்கியதும் எல்லாமே தலைகீழானது. தோற்ற போராட்டம் என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தப் பட்டியலில் இருந்த பலவற்றை இன்று நாம் உரிமை என்று கேட்கவும் தேவையில்லாமல் அனுபவிக்கிறோம்.

உயிரைக் கொடுக்கத் துணிந்தவருக்குத்தான் கொள்கை என்று பேசத் தகுதி உண்டு என்கிறார் என் நண்பர். சரியா? (செராஸ்)

சரியில்லை. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி, அவசரகாலச் சட்டத்தின் கீழ் 1949 மே 4 அன்று இதே கோலாலம்பூரில், புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவர் பெயரை மரியாதையோடுதான் சொல்வேன். பி.பி. நாராயணன் வேறு வழியில் போனார். 1954ல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தைப் பல பத்தாண்டுகள் கட்டிக் காத்தார். பேச்சுவார்த்தை மேசையில் உட்கார்ந்து உட்கார்ந்தே வாழ்க்கை போனது. இரண்டு பேரும் தொழிலாளிக்காகத்தான் பேசினார்கள். சாவை வைத்து அளந்தால், தினமும் பொறுமையாகக் கூலிக் கணக்குப் பார்த்து வாதாடுகிறவர்களை இழிவாக நினைக்க ஆரம்பித்துவிடுவோம்.

அக்கா, நான் கட்டுமானத் துறையில் பொறியாளர். ஒரு மாடியில் சாரம் சரியாகக் கட்டப்படவில்லை. மேலாளரிடம் வாய்விட்டுச் சொன்னேன், "உன் வேலையைப் பார்" என்றார். மறுபடி சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயம். (செந்தூல்)

இந்தக் கேள்விக்கு நிறைய எழுதப் போகிறேன் தம்பி, இதில் உயிர் இருக்கிறது.

திருக்குறளில் அமைச்சு அதிகாரத்தில் ஒரு குறள்: "அறிகொன்று அறியான் எனினும் உறுதி உழையிருந்தான் கூறல் கடன்." சொல்கிறவர் அறிவையும் ஒதுக்கித் தள்ளி, தானும் அறியாதவனாக அரசன் இருந்தாலும், நன்மை எது என்று எடுத்துச் சொல்வது பக்கத்தில் இருப்பவன் கடமை. அரசன் கேட்பானா என்பதை வள்ளுவர் நிபந்தனையாக வைக்கவே இல்லை. நீங்கள் பொறியாளர், அந்தச் சாரத்தைப் பார்த்தால் உங்களுக்குத் தெரியும். அதில் ஏறப்போகிற வங்காளதேசத் தொழிலாளிக்குத் தெரியாமல் இருக்கலாம், தெரிந்தாலும் சொல்ல வழி இருக்காது. ஆகவே உழையிருந்தான் நீங்கள்தான்.

எப்படிச் சொல்வது? சொல்வன்மை அதிகாரத்தில் வருகிறது: "சொல்லுக சொல்லைப் பிறிதோர்சொல் அச்சொல்லை வெல்லுஞ்சொல் இன்மை அறிந்து." இன்னொரு சொல்லால் வெல்ல முடியாதபடி சொல். "பாதுகாப்பு மோசமாக இருக்கிறது" என்று எழுதினால் யாரும் மறுக்கலாம். "இந்தத் தேதி, இந்த மாடி, கிழக்குப் பக்கம், கைப்பிடிக் கம்பி இல்லை, பலகை கட்டப்படவில்லை, படம் இணைத்திருக்கிறேன்" என்று எழுதினால் மறுப்பது கஷ்டம். மின்னஞ்சலாக அனுப்புங்கள். பாதுகாப்பு அதிகாரிக்கும் திட்ட மேலாளருக்கும் சேர்த்தே போகட்டும். கோபமான வரி ஒன்றும் வேண்டாம், நகல் உங்களிடம் இருக்கட்டும்.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், பாதுகாப்பைப் பற்றிப் புகார் செய்ததற்காக ஒருவரை வேலைநீக்கம் செய்யக் கூடாது என்கிறது. 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தம், உடனடி ஆபத்து இருந்து, முதலாளி அதை நீக்க எதுவும் செய்யாவிட்டால் அந்த இடத்தை விட்டு விலகும் உரிமையைத் தொழிலாளிக்குத் தந்திருக்கிறது. உள்ளே கேட்பாரில்லை என்றால் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார இலாகாவிடம் (ஜேகேகேபி) புகார் கொடுக்கலாம்.

அப்புறம், இது லஞ்ச விவகாரம் என்று தெரிந்தால் கவனம். 2010ஆம் ஆண்டுத் தகவல் தருவோர் பாதுகாப்புச் சட்டம், ஊழல் தடுப்பு ஆணையம் (எஸ்பிஆர்எம்), போலீஸ் போன்ற அமலாக்க அமைப்புகளிடம் சொல்பவரைத்தான் காக்கும். ஆத்திரத்தில் பேஸ்புக்கில் போட்டால் அந்தக் காப்பு உங்களுக்கு இருக்காது.

ஒருவேளை வேலைநீக்கம் செய்தே விட்டால், காரணம் நியாயமில்லை என்று தொழிலியல் உறவு இலாகாவில் 60 நாளுக்குள் பதிய வேண்டும். 1967ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆவது பிரிவு அது. மனசு உடைந்து வீட்டில் உட்கார்ந்து, சொந்தக்காரர் ஆலோசனை எல்லாம் கேட்டு முடிப்பதற்குள் இந்த 60 நாள் ஓடிவிடும். நியாயம் முழுக்கத் தங்கள் பக்கம் இருந்தும் தேதியைத் தவறவிட்டவர்களைச் சங்கத்தில் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.

நான் தினமும் அநியாயங்களைப் பற்றி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போடுகிறேன். அதுவும் குரல் கொடுப்பதுதானே? (ரவாங்)

மனசு ஆறும், அது தேவைதான். ஆனால் அந்த அநியாயத்தைச் சரிசெய்யக் கூடியவர் உங்கள் ஸ்டேட்டசைப் பார்க்கிறாரா? இல்லையென்றால் அதே நான்கு வரியை அவருக்குக் கடிதமாக அனுப்புங்கள்.

எங்கள் கோயில் நிர்வாகத்தில் இரண்டு அணி. இரண்டு பக்கமும் சொந்தக்காரர்கள், இரண்டு பக்கமும் என்னை இழுக்கிறார்கள். வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் நல்லதா? (கிள்ளான்)

சங்கப் புலவர் கோவூர் கிழாரைப் படியுங்கள் அண்ணே. நலங்கிள்ளி, நெடுங்கிள்ளி இரண்டு பேரும் சோழர்கள். நெடுங்கிள்ளி ஆவூர்க் கோட்டைக்குள் கதவடைத்துக் கிடந்தபோது, உள்ளே யானைகளும் குழந்தைகளும் பசியால் வாடுவதைச் சொல்லி, அறவழி என்றால் இது உனது என்று கதவைத் திற, மறவழி என்றால் போருக்குத் திற, சும்மா அடைத்துக்கொண்டு இருப்பது வெட்கக்கேடு என்று அவன் முகத்துக்கு நேராகச் சொன்னார் (புறநானூறு 44). உறையூர் முற்றுகையின்போது இரண்டு பேருக்கும் சேர்த்தே சொன்னார்: உன் தலைமாலையும் சோழர்க்குரிய ஆத்திப் பூ, அவன் தலைமாலையும் ஆத்திப் பூ, "ஒருவீர் தோற்பினும் தோற்பநும் குடியே", யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான் (புறநானூறு 45).

அவர் ஒதுங்கி நிற்கவில்லை, ஒருவனைப் பற்றி இன்னொருவனிடம் போய்ப் பேசவும் இல்லை. இரண்டு அணியையும் ஒரே இடத்தில் உட்கார வைத்து, ஒரே பேச்சைப் பேச உங்களால் முடியுமானால் பேசுங்கள். முடியாதென்றால், ஒரு பக்கத்தில் சொல்வதை மறுபக்கத்திலும் வார்த்தை மாறாமல் சொல்லுங்கள். கணக்கு வழக்குதான் சண்டைக்குக் காரணம் என்றால், பொதுக்கூட்டத்தில் கணக்கைக் கேளுங்கள். கோயில் கணக்கு எந்த அணிக்கும் சொந்தமில்லை.

நான் செய்த வடிவமைப்பை மேலதிகாரி தன் பெயரில் வாடிக்கையாளரிடம் காட்டினார். பிறகு என்னைக் கூப்பிடாமலே, கணிசமான ஒரு தொகையைக் கணக்கில் போட்டுவிட்டார்கள். வீட்டில் "காசு வந்துவிட்டதே, விடு" என்கிறார்கள். எனக்கு ஆறவில்லை. (பினாங்கு, ஜார்ஜ்டவுன்)

ஆறாதது நியாயம்தான், தங்கச்சி. பெருஞ்சித்திரனார் வறுமையில் வாடிய புலவர். மன்னன் அதியமானிடம் பரிசில் கேட்டுப் போனார். அவன் இவரைப் பார்க்காமலே பொருளைக் கொடுத்தனுப்பினான். "காணாது ஈத்த இப்பொருட்கு யானோர் வாணிகப் பரிசிலன் அல்லேன்" என்றார் (புறநானூறு 208). தினையளவு ஆனாலும் என் தகுதியை அறிந்து கொடு என்பதுதான் அவர் கேட்டது. வீட்டில் பசி இருந்தும் கேட்டார்.

பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்ல மாட்டேன், அது உங்கள் உழைப்பு. அதோடு, இந்தக் கோப்பில் என் பெயர் இருக்க வேண்டும், அடுத்த முறை வாடிக்கையாளரைச் சந்திக்கும்போது நானும் இருக்க வேண்டும் என்று அந்த மேலதிகாரியிடமே கேளுங்கள். அவர் மழுப்பினால் அவருக்கு மேலே இருப்பவருக்கு எழுதுங்கள்.

கூட்டத்தில் கொஞ்சம் குரல் உயர்ந்தாலே "உணர்ச்சிவசப்படுகிறாள்" என்று பெண்களை ஒதுக்கிவிடுகிறார்கள். கோபத்தை மறைத்துக்கொண்டுதான் பேச வேண்டுமா, அக்கா? (பெட்டாலிங் ஜெயா)

வேண்டாம். கண்ணகி தலைவிரி கோலமாக, கண்ணீரோடு அவைக்குள் போனாள். "தேரா மன்னா" (ஆராய்ந்து பார்க்காத மன்னனே) என்றுதான் ஆரம்பித்தாள். அவள் கோபத்தை யாராலும் தள்ள முடியாமல் போனதற்குக் காரணம், கையில் சிலம்பு இருந்தது. என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள், எங்களுடையது முத்து என்றான் பாண்டியன், உடைத்ததும் மாணிக்கம் தெறித்தது. கோபமும் ஆதாரமும் சேர்ந்தே போகலாம். பாண்டியனையும் நான் மறப்பதில்லை. "யானோ அரசன் யானே கள்வன்" என்று எல்லார் முன்னாலும் தன் தவற்றைத் தன் வாயாலேயே சொன்னான். இன்றைய நிர்வாகிகளுக்கு நடத்தும் பயிற்சிகளில் அந்த வரியை முதலில் படிக்க வைக்க வேண்டும் என்பது என் ஆசை.

நம் ஊரிலிருந்தே ஒரு பெயர்: ராசம்மா பூபாலன். இளம் வயதில் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்துப் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தவர், பிறகு ஆசிரியை. ஒரே வகுப்பு, ஒரே பாடம், ஆனால் ஆசிரியைக்குக் குறைந்த சம்பளம் என்ற காலத்தில், 1960ல் பெண் ஆசிரியர்களுக்கென்று தனிச் சங்கம் அமைத்துச் சம ஊதியத்துக்குப் போராடினார். அவருடைய பேச்சை மென்மை என்று யாரும் சொன்னதில்லை.

ஓய்வுபெற்றவர்களிடம் அவர்களுக்குத் தேவையில்லாத திட்டத்தைத் தள்ளிவிடச் சொல்கிறது என் நிறுவனம். வீட்டுக் கடன், இரண்டு பிள்ளைகள். உடனே ராஜினாமா செய்ய முடியாது. என்ன செய்ய? (சுபாங் ஜெயா)

"ஈன்றாள் பசிகாண்பான் ஆயினுஞ் செய்யற்க சான்றோர் பழிக்கும் வினை" என்கிறது குறள். தாயின் பசியைக் காரணம் காட்டினாலும் வள்ளுவர் விடவில்லை. அதைக் குறைத்துச் சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. ஆனால் குறள் விலக்குவது அந்த வினையை, வேலையையே இல்லை. ஓய்வூதியக்காரர் முன்னால் உட்காரும்போது கட்டணம் எவ்வளவு, பணம் எத்தனை ஆண்டு முடங்கும், பாதியில் எடுத்தால் எவ்வளவு நட்டம் என்று மூன்றையும் சொல்லிவிடுங்கள். விற்பனை இலக்கு குறையும், குறையட்டும். அந்த அவகாசத்தில் வேறு வேலை தேடுங்கள். ஒருவரை ஏமாற்றி நேரடியாகக் கையெழுத்து வாங்கச் சொன்னால், அன்று முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

அலுவலகத்தில் எல்லாம் மலாய், ஆங்கிலம். தமிழில் நினைப்பதை அவற்றில் சொன்னால் என் குரல் போலவே இல்லை. (புத்ராஜெயா)

தனிநாயகம் அடிகள் 1952ல் தொடங்கிய தமிழாய்வு இதழ் ஆங்கிலத்தில்தான் வந்தது. தமிழின் பெருமை தமிழ் தெரியாதவருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். மலாயாப் பல்கலைக்கழகத்தில் அவர் இருந்த காலத்தில்தான், 1966ல், முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. கேட்க வேண்டியவர் மொழியில் பேசுங்கள், முதல் வரைவைத் தமிழில் எழுதி வைத்துக்கொண்டு.

என் பாட்டி பால்மரம் வெட்டியவர் (ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர்), வயது தொண்ணூறை நெருங்குகிறது. அவர் சொல்வதைப் பதிவு செய்ய ஆசை, ஆனால் "என்னிடம் சொல்ல என்ன இருக்கிறது" என்கிறார். (பந்திங்)

"உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்" என்று கேட்காதீர்கள், யாருக்கும் அதற்குப் பதில் வராது. காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் கூட்டம்) எத்தனை மணிக்கு எழுந்தார், கூலி எவ்வளவு, கங்காணி பெயர் என்ன, குழந்தையை எங்கே விட்டுவிட்டு வேலைக்குப் போனார், மரம் வெட்டும்போது என்ன பாட்டுப் பாடுவார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். நாள் கூலியையும் முதுகெலும்பு முறிவதையும் சேர்த்துப் பாடும் தோட்டப் பாட்டுகள் உண்டு. துரையிடம் நேரில் சொல்ல முடியாததைப் பெண்கள் அதில்தான் சொல்லியிருக்கிறார்கள். பாட்டுக்கு வந்துவிட்டால் பாட்டி நிறுத்த மாட்டார்.

கைப்பேசியே போதும். மின்விசிறியை அணைத்துவிட்டு, ஒரு நாளுக்கு அரைமணி நேரம் மட்டும் பதியுங்கள். பாட்டியின் பேச்சுவழக்கைத் திருத்தாமல் அப்படியே எழுதி வையுங்கள். தேதியும் தோட்டத்தின் பெயரும் கட்டாயம் வேண்டும். கோலாலம்பூரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம் வாய்மொழி வரலாறுகளைச் சேகரிக்கிறது. பாட்டி சம்மதித்தால் ஒரு பிரதியை அங்கே கொடுக்கலாமா என்று விசாரியுங்கள். இன்னொரு பிரதி எங்கள் வட்டத்துக்கும் வேண்டும், கேட்க ஆவலாக இருக்கிறேன்.