ஆயக்காரர் கேட்ட கேள்வி

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் ஒரு நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் வேலை பார்க்கிறேன். தினமும் விடியற்காலையில் எழுந்து ஜெபிக்கிறேன். ஒரே வருடத்தில் வேதாகமம் முழுவதையும் வாசித்து முடிக்கும் அட்டவணையைப் பின்பற்றுகிறேன். ஞாயிறு ஆராதனையைத் தவறவிடுவதில்லை. ஆனால் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் மற்ற எல்லாரையும் போலத்தான் இருக்கிறேன். அதே எரிச்சல், அதே பயம். சில சமயம் பில் தேதியை மாற்றிப் போடச் சொல்வார்கள், போட்டுவிடுவேன். அது எல்லா இடத்திலும் நடப்பதுதான். உள்ளுக்குள் ஏதோ வறண்டு கிடக்கிறது. சபையில் சொன்னால் இன்னும் அதிகமாக ஜெபியுங்கள், உபவாசம் இருங்கள் என்கிறார்கள். மூப்பர் ஒருவர் வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்கு வரச் சொல்கிறார். விசுவாசம் வளர நான் என்னதான் செய்யவேண்டும்?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

இதே கேள்வியை யோர்தான் பக்கம் மூன்று விதமான ஆட்கள் யோவான் ஸ்நானகனிடம் கேட்டார்கள். லூக்கா 3-ஆம் அதிகாரம்; உங்கள் அட்டவணையில் வருடா வருடம் கடந்து போயிருப்பீர்கள். யோவான் வெட்டுக்கிளியும் காட்டுத்தேனும் சாப்பிட்டு வனாந்தரத்தில் வாழ்ந்தவர். எல்லாவற்றையும் உதறிவிட்டு என்னோடு வாருங்கள் என்று அவர் சொல்லியிருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். அப்படிச் சொல்லவில்லை. ஜனங்களிடம், இரண்டு அங்கி இருந்தால் ஒன்றை இல்லாதவனுக்குக் கொடுங்கள் என்றார். வரி வசூலிக்கும் ஆயக்காரரிடம், கட்டளையிட்டதற்கு மேல் வாங்காதீர்கள் என்றார். போர்ச்சேவகரிடம், யாரையும் வருத்தாதீர்கள், பொய்க்குற்றம் சாட்டாதீர்கள், சம்பளம் போதும் என்று இருங்கள் என்றார்.

இத்தனைக்கும் தம் சீஷர்களுக்கு ஜெபிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். லூக்காவே 11-ஆம் அதிகாரத்தில் அதைக் குறிப்பிடுகிறார். ஆனாலும் ஆயக்காரன் வந்து நின்றபோது வசூல் தொகையைப் பற்றித்தான் பேசினார். விதித்ததற்கு மேல் கறப்பதில்தான் அந்தத் தொழிலின் லாபமே இருந்தது. ஆக அவர் கை வைத்தது அவர்கள் பிழைப்பின் மடியில். எல்லா ஆயத்துறையிலும் நடப்பதுதானே என்று அவர்களும் சொல்லியிருக்கலாம்.

உங்கள் கடிதத்தில் நான் நின்று படித்தது பில் தேதியைப் பற்றிய வாக்கியத்தை. வறட்சியைப் பற்றி வருத்தத்தோடு எழுதியிருக்கிறீர்கள், இதையோ போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். வறட்சிக்கு அதுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை, அது எனக்குத் தெரியாது. ஆனால் வளர்வதற்கு இடம் கேட்டீர்கள், இடம் அங்கேதான் இருக்கிறது. விடியற்காலை ஜெபத்தை இன்னும் அரைமணி நேரம் நீட்டுவது உங்களுக்குச் சுலபம். அந்த ஜெபத்துக்குள் இந்தத் தேதி விவகாரத்தைக் கொண்டுவந்து பாருங்கள், ஐந்து நிமிடம்கூட உட்கார முடியாமல் போகலாம்.

நாளைக்கே மேலதிகாரியிடம் பிரசங்கம் செய்யச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அடுத்த முறை சொல்லும்போது, "இதை மெயிலில் அனுப்பிவிடுங்கள், சார்" என்று மட்டும் கேளுங்கள். பாதி விஷயங்கள் அங்கேயே நின்றுவிடும். மீதிப் பாதிக்கு "என்னால் முடியாது" என்று வாய்திறந்து சொல்ல வேண்டிவரும், அதற்கு விலை உண்டு. உங்கள் சம்பளத்தை நம்பி இருக்கும் வீட்டாரோடு முன்கூட்டியே பேசிவிடுங்கள். அவர்களுக்குத் தெரியாமல் வீரம் காட்டுவதும் விசுவாசத்தில் சேராது.

இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் 16-ஆம் நூற்றாண்டில் ஒரு பயிற்சி சொல்லிவைத்தார். ஒரே ஒரு குறையை எடுத்துக்கொள்ள வேண்டும். காலையில் அதை நினைத்து எழ வேண்டும். மதியமும் இரவும் எத்தனை முறை அதில் விழுந்தோம் என்று கோட்டின் மேல் புள்ளி வைத்துக் குறிக்க வேண்டும். கணக்குப் பார்க்கும் உங்களுக்கு இது ஒத்துவரும். கத்தோலிக்கர் முறை என்று உங்கள் சபையில் யாராவது முகம் சுளித்தால், சொல்லாமல் செய்யுங்கள். ஒரே நேரத்தில் பத்துக் குறைகளைத் திருத்தக் கிளம்புவது நம் வழக்கம். இது ஒன்றோடு நிற்கிறது, அதனாலேயே எனக்குப் பிடிக்கும்.

தனியாகவும் செய்யாதீர்கள். 1742-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஜான் வெஸ்லி என்ற போதகரின் கூட்டத்தார் தங்கள் ஆராதனைக் கட்டடத்தின் கடனை அடைக்க வாரம் ஆளுக்கு ஒரு பென்னி தருவதென்று முடிவெடுத்தார்கள். பன்னிரண்டு பேருக்கு ஒருவர் வீடு வீடாகப் போய் வசூலித்தார். காசு வாங்கப் போனவர்களுக்கு யார் வீட்டில் சண்டை, யார் குடிக்கிறார்கள் என்பதெல்லாம் தெரியவந்தது. வெஸ்லி அதைப் பிடித்துக்கொண்டார். வாரம் ஒருமுறை கூடி, உன் ஆத்துமா எப்படி இருக்கிறது என்று ஒருவரையொருவர் விசாரிக்கும் சிறு வகுப்புகள் அப்படித்தான் உருவாயின. மெதடிஸ்ட் இயக்கத்தின் முதுகெலும்பு கடன் வசூலில் முளைத்தது என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். உங்களுக்குப் பன்னிரண்டு பேர் தேவையில்லை. "இந்த வாரம் தேதி மாற்றினாயா?" என்று வெட்கமில்லாமல் கேட்கக்கூடிய ஒருவர் போதும். அந்த மூப்பரே அதற்குச் சரியான ஆளாக இருக்கலாம்.

முழுநேர ஊழியம் பற்றி: மத்தேயு ஆயத்துறையை விட்டு எழுந்து போனார். ஆயக்காரருக்குத் தலைவரான சகேயுவோ ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் சொன்னார். வேலையை விட்டதாக லூக்கா எழுதவில்லை. இரண்டு பேரையும் இயேசுதான் பெயர் சொல்லியோ "என்னைப் பின்பற்றி வா" என்றோ அழைத்தார். உங்களுக்கு அப்படி ஓர் அழைப்பு இருந்தால் போங்கள், அதை நான் தீர்மானிக்க முடியாது. பில் தேதிகளிலிருந்து தப்பிக்க மட்டும் போகாதீர்கள். ஊழியத்திலும் பில்கள் இருக்கின்றன.

இதையெல்லாம் செய்த பிறகும் ஜெபத்தில் ஒன்றும் உணராமல் இருக்கலாம். அன்னை தெரசா பல வருடங்கள் அப்படித்தான் இருந்தார் என்பது அவர் மறைந்து பத்து ஆண்டுகள் கழித்து, 2007-இல் அவருடைய கடிதங்கள் வெளிவந்தபோதுதான் பலருக்குத் தெரிந்தது. அந்த வருடங்களில் அவர் காலையில் ஜெபித்தார், பிறகு நோயாளிகளிடம் போனார். சங்கீதம் 88 இருளில்தான் முடிகிறது. அதையும் வேதாகமத்தில் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். இப்போதைக்கு உபவாசம் வேண்டாம் என்று நினைக்கிறேன். முதலில் அந்த மெயிலைக் கேட்டுப் பாருங்கள், என்ன ஆயிற்று என்று எழுதுங்கள்.