கரு தங்க வாய்ப்புள்ள நாட்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

சினைப்பையிலிருந்து முட்டை வெளிவருவதைத்தான் கருமுட்டை வெளியேற்றம் என்கிறோம். அந்த முட்டை அதிகம் போனால் ஒரு நாள் தாங்கும். விந்தணுவோ உள்ளே 5 நாள் வரை உயிரோடிருக்கும். அதனால் முட்டை வரும் நாளும் அதற்கு முந்தைய 5 நாட்களும்தான் கணக்கு. ஊருக்கு ஒரே பஸ் என்றால் முன்கூட்டியே போய் நிற்போமே, அதுபோலத்தான்.

அடையாளம்? வெள்ளைப்படுவதைக் கவனியுங்கள். கெட்டியாக இருந்தது தெளிந்து, வழுக்கலாகி, இரு விரலுக்கு நடுவே அறுபடாமல் நீண்டால் நாள் நெருங்கிவிட்டது. மெடிக்கலில் கிடைக்கும் சிறுநீர்ப் பரிசோதனைக் கிட்டும் ஒன்றிரண்டு நாள் முன்பே காட்டும். பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) இருந்தால் இந்தக் கிட்டை முழுசாக நம்ப முடியாது.

அப்புறம், மாதவிலக்கு தொடங்கிய நாளிலிருந்து எண்ணினால் எல்லோருக்கும் 14-ம் நாள்தான் முட்டை வரும் என்பது தவறு: அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் 14 நாள் முன்பு என்பதே சரி, 35 நாள் சுழற்சி உள்ளவருக்கு அது 21-ம் நாள் வாக்கில் வரும்.