நிக் ஃபால்டோ: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

இங்கிலாந்துக் கோல்ஃப் வீரர் நிக் ஃபால்டோவைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். கோல்ஃப் பழக்கமில்லாதவர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். ஒரு குழியை முடிக்க நல்ல ஆட்டக்காரருக்குத் தேவைப்படும் அடிகளின் எண்ணிக்கைதான் 'பார்'. ஒன்று குறைவாக அடித்தால் பர்டி, ஒன்று கூடினால் போகி.

சார், என் பையனுக்கு 13 வயது. இப்போதுதான் கோல்ஃப் ஆசை வந்திருக்கிறது. காலம் கடந்துவிட்டதா?

இல்லவே இல்லை. ஃபால்டோவும் அந்த வயதில்தான் தொடங்கினார். 1957-இல் வெல்வின் கார்டன் சிட்டியில் பிறந்தவர். 1971-இல் டிவியில் அமெரிக்காவின் மாஸ்டர்ஸ் போட்டியையும் அதில் புகழ்பெற்ற அமெரிக்க வீரர் ஜாக் நிக்லஸ் ஆடியதையும் பார்த்தபோதுதான் ஆசை பிடித்தது. நான்கே வருடத்தில், 1975-இல், இங்கிலாந்து அமெச்சூர் பட்டம். அமெரிக்காவின் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தும் சில வாரங்களில் திரும்பிவிட்டார். 1976-இல் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார்.

அடுத்த வருடமே, அமெரிக்காவுக்கு எதிரான அணிப் போட்டியான ரைடர் கோப்பையில் இடம். 20 வயதில் ஆடிய மூன்று ஆட்டங்களிலும் வெற்றி. அதில் ஒன்று நிக்லஸ் இருந்த ஜோடிக்கு எதிராக! தனிநபர் ஆட்டத்தில் அவர் தோற்கடித்தது டாம் வாட்சனை. அந்த வருடம் மாஸ்டர்ஸையும் பிரிட்டனில் நடக்கும் ஓப்பன் போட்டியையும் வென்றிருந்தவர் வாட்சன். பையனைத் தைரியமாக அனுப்புங்கள்.

நன்றாக ஆடிக்கொண்டிருந்தவர் எதற்காக ஸ்விங்கையே, அதாவது மட்டையை வீசும் முறையையே, மாற்றினார்? எனக்குப் புரியவே இல்லை அண்ணா.

எனக்கு ஃபால்டோவைப் பிடித்ததே இதனால்தான், தம்பி. 1983-இல் ஐரோப்பியச் சுற்றில் ஐந்து கோப்பைகள், பரிசுப்பணப் பட்டியலில் முதலிடம். வேறு யாராக இருந்தாலும் அப்படியே போகட்டும் என்று விட்டிருப்பார்கள். ஆனால் 1983 ஓப்பனிலும் 1984 மாஸ்டர்ஸிலும் வெற்றிக்குப் பக்கத்தில் வந்து கடைசிக் கட்டத்தில் சறுக்கினார். இங்கிலாந்துப் பத்திரிகைகள் அவர் பெயரை 'ஃபோல்டோ' என்று திரித்து எழுதின. நெருக்கடி வந்தால் மடங்கிவிடுபவர் என்று பொருள்.

தன் ஸ்விங் நெருக்கடியில் தாங்காது என்று அவருக்கே தெரிந்திருந்தது. பார்க்க அழகான, நீண்ட ஸ்விங் அது. ஆனால் கால்கள் அளவுக்கு அதிகமாக ஓடும், எல்லாம் நேரம் தப்பாமல் பொருந்தினால்தான் பந்து நேராகப் போகும். 1985-இல் பயிற்சியாளர் டேவிட் லெட்பெட்டரிடம் போய், அடியோடு மாற்றிவிடுங்கள் என்றார். கையில் கொப்புளம் வரும்வரை நாள்தோறும் பந்தடித்தார். 1985-இலும் 1986-இலும் ஒரு கோப்பைகூட இல்லை. முதலிடத்தைப் பார்த்த ஒருவர், இரண்டு வருடம் பலர் முன்னால் தோற்றுக்கொண்டே கற்றுக்கொள்வதற்கு எவ்வளவு மனவுறுதி வேண்டும், நினைத்துப் பாருங்கள்.

1987 ஓப்பனில் கடைசி நாள் 18 குழியிலும் பார். ஒரு பர்டிகூட இல்லை. அதையா சாதனை என்கிறீர்கள்?

ஆமாம், அடித்துச் சொல்வேன். ஸ்காட்லாந்தின் மியூர்ஃபீல்ட், மூடுபனி, ஈரக்காற்று. முந்தைய நாள்தான் அவருக்கு 30 வயது ஆகியிருந்தது. சில குழிகளில் பந்து பங்கர் எனும் மணல் பள்ளத்தில் விழுந்தது. அங்கிருந்தும் எழுப்பி வந்து பாரைக் காப்பாற்றினார். முன்னிலையில் இருந்த அமெரிக்கர் பால் ஏஸிங்கர் கடைசி இரண்டு குழிகளிலும் போகி அடித்தார். ஒரே அடி வித்தியாசத்தில் ஃபால்டோவுக்கு முதல் மேஜர் (கோல்ஃபின் நான்கு பெரிய போட்டிகளில் ஒன்றின் பட்டம்). பழைய ஸ்விங்காக இருந்தால் அந்த வானிலையில் இரண்டு மூன்று குழிகளாவது கெட்டிருக்கும் என்பது என் கணிப்பு.

எதிராளிகள் சொதப்பியதால் வென்றவர் என்று என் நண்பர் சொல்கிறார். 1989-இல் ஹோக், 1996-இல் நார்மன்...

பாதிக் கதையைத்தான் சொல்கிறார். 1989 மாஸ்டர்ஸில் சமநிலையை முறிக்க ஆடிய பிளே-ஆஃபில் ஸ்காட் ஹோக் மிகக் குட்டியான புட்டை (பந்தைக் குழிக்குள் உருட்டும் அடி) தவறவிட்டது உண்மை. ஆனால் மூன்றாம் சுற்றில் 77 அடித்துப் பின்தங்கிய ஃபால்டோ, கடைசிச் சுற்றில் 65 அடித்ததால்தான் பிளே-ஆஃபே வந்தது. அடுத்த குழியில், இருட்டிக்கொண்டு வரும்போது நீளமான புட்டைப் போட்டு முடித்தார்.

1996 மாஸ்டர்ஸில் கிரெக் நார்மன் ஆறு அடி முன்னிலையோடு கடைசி நாளைத் தொடங்கி 78 அடித்தார். ஃபால்டோ 67, ஐந்து அடி வித்தியாசத்தில் வெற்றி. பக்கத்தில் நடப்பவர் பெரிய தவறு எதுவும் செய்யாமல் வந்துகொண்டே இருந்தால் எவருக்கும் கை நடுங்கும். முடிந்ததும் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்ட காட்சியைப் பார்த்தால் எனக்கு இன்றும் கண் கலங்கும்.

1990 செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓப்பனை நண்பர் மறந்துவிட்டார் போல. அங்கே பாருக்கு 18 அடி கீழே முடித்து, ஐந்து அடி வித்தியாசத்தில் வென்றார்.

அவருடைய கேடி (ஆட்டக்காரரின் பையைச் சுமந்து கூடவே வரும் உதவியாளர்) ஒரு பெண் என்கிறார்களே?

ஆமாம். ஸ்வீடனைச் சேர்ந்த ஃபேனி சூனெசன், 1990 முதல் கூட இருந்தவர். அந்த வருடம் தொடங்கி ஃபால்டோ வென்ற நான்கு மேஜர்களிலும் அவர்தான் பையைச் சுமந்தார்.

ரைடர் கோப்பை அணித்தலைவராகத் தோற்றாரே?

2008-இல் அமெரிக்காவின் வால்ஹாலா மைதானத்தில் தோற்றது உண்மைதான். ஆட்டக்காரராக 11 ரைடர் கோப்பைகளில் 25 புள்ளிகள் எடுத்தவர். 2009-இல் சர் பட்டம் வந்தது.

ஒரே ஒரு ஷாட்டைப் பார் என்றால் எதைச் சொல்வீர்கள்?

1996 மாஸ்டர்ஸ் கடைசி நாள், 13-ஆம் குழியின் இரண்டாவது அடி. குழியைச் சுற்றியுள்ள புல்தரையான கிரீனுக்கு முன்னால் ஓடை. முதலில் 5-வுட் மட்டையை எடுக்கிறார், பந்தின் பின்னால் நின்று பார்க்கிறார், மனம் ஒப்பவில்லை, திருப்பி வைக்கிறார். ஃபேனியோடு பேசிவிட்டு 2-அயர்ன் மட்டையை எடுக்கிறார். பந்து ஓடையைத் தாண்டிக் கிரீனில் விழுகிறது. இரண்டு புட், பர்டி. நார்மனும் அதே குழியில் பர்டி அடித்தார், ஆனால் ஓர் அடிகூட நெருங்க முடியவில்லை.